பொரிக்கு வந்த மீன்கள்

என் வீட்டுக்காரருக்கு ஆற்று மீன் பைத்தியம் உண்டு என்று, பெண் பார்க்க வந்த அன்று யாரும் வாய் திறக்கவில்லை. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், போர்ட் கிள்ளானில் டிரெய்லர் ஓட்டுகிறார் என்றார்கள். மூன்றும் உண்மைதான். லீவு கிடைத்தால் மனுஷன் வீட்டில் தங்கமாட்டார், மலைப்பக்கம் ஓடிவிடுவார் என்பது தாலி ஏறிய பிறகுதான் தெரிந்தது. கூட வேலை செய்கிறவர்கள் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கடலில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவருக்கு அது ஆகாது. கண்ணுக்குத் தெரியாத மீனுக்குக் காத்திருப்பதற்கு நாலு நம்பர் லாட்டரி எடுக்கலாம் என்பார். ஓடுகிற தண்ணீர் வேண்டும், அடியில் கல் தெரிய வேண்டும், கல்லுக்குப் பக்கத்தில் மீன் நிற்பது தெரிய வேண்டும்.

மகன் படிப்பை முடித்து, பிரிக்பீல்ட்ஸில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போனபின், கிள்ளானை ஒட்டிய மேருவில் எங்கள் வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. நான் அப்போது ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பேக்கிங்கில் இருந்தேன். வாரம் முழுக்க ரப்பர் நாற்றம், ஞாயிற்றுக்கிழமை நாலு சுவர். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு வரிசையாகச் சட்டம் போட்டார்.

பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக் கூடாது. பேசலாம், தொம் தொம்மென்று நடக்கக் கூடாது. வாயால் போடும் சத்தம் மீனுக்கு அவ்வளவாக எட்டாதாம், கரையில் கால் வைக்கிற அதிர்வு உடனே எட்டிவிடுமாம். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. எப்போதும் ஓட்டத்துக்கு எதிராக, கீழேயிருந்து மேலே ஏறித்தான் போக வேண்டும். ஏன் என்று கேட்டேன். மீன் தண்ணீர் வரும் பக்கம் முகத்தை வைத்துத்தான் நிற்கும், கீழேயிருந்து போனால் நாம் அதன் முதுகுக்குப் பின்னால் போகிறோம் என்றார். திருடன் மாதிரி என்று நான் சொன்னேன். ஆமாம், திருடன் மாதிரிதான் என்று சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

தூண்டில் போடுவதில் எனக்குக் கடைசிவரை ருசி ஏற்படவில்லை. ஆனால் பாறைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்ப்பது பிடித்துவிட்டது. முதலில் ஒன்றும் தெரியாது. வெறும் வெளிச்சமும் கல்லும்தான். கண் பழகப் பழக, கல் என்று நினைத்தது வாலை ஆட்டும். தெங்காஸ், கெலா என்று மலாய்க்காரர்கள் வைத்த பெயர்தான் எங்களுக்கும். நம் கெண்டைக்குத் தூரத்துச் சொந்தம். கெலாவுக்குச் செதில் ஒவ்வொன்றும் காசு அகலம் இருக்கும், வெயில் பட்டால் தேய்த்த செம்புக் குடம் போல் இருக்கும்.

ஓட்டத்தில் அது சும்மா நிற்பதில்லை, கணக்குப் போட்டு நிற்கிறது என்பது அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. வேகமாகப் போகிற தண்ணீருக்கும் மெதுவாகப் போகிற தண்ணீருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், மெதுவான தண்ணீரில் உடம்பை வைத்துக்கொள்ளும். அந்தப் பக்கம் வேகமான தண்ணீர் பூச்சியும் பழமும் அடித்துக்கொண்டு வரும். சட்டென்று ஒரு எட்டு போய்க் கவ்விக்கொண்டு திரும்பி வந்துவிடும். டிரெய்லர் ஓட்டுகிறவர் வேறு எப்படிச் சொல்வார்? வேக ரோடு அங்கே, கல்லுக்குப் பின்னால் இருப்பது ஆர் அண்ட் ஆர், மனுஷன் அங்கே வண்டியை நிறுத்தித்தானே சாப்பிடுவான் என்பார். இருப்பதிலேயே நல்ல இடம் பெரிய மீனுக்கு. அதைப் பிடித்துவிட்டால் அடுத்த வாரம் அதே இடத்தில் இரண்டாவது பெரியது நிற்கும். ஆளில்லாத நல்ல வீட்டுக்கு யாராவது குடி வராமல் இருப்பார்களா என்பார்.

கரையோரத்துக் காட்டு மரங்களில் பழம் பழுத்தால், அது தண்ணீரில் பொத்தென்று விழுகிற சத்தத்துக்கே கெலா வரும். அதனால் இவர் செம்பனைத் தோட்டத்து ரோட்டில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கி வந்து தூண்டிலில் கோர்ப்பார். நல்ல இடத்தில், நல்ல சத்தத்தோடு விழ வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பியும் பார்க்காது. ஒரு மீனுக்காக அரை நாள் முழங்காலில் ஊர்ந்திருக்கிறார். நான் கேலி செய்திருக்கிறேன், எனக்காக ஒரு நாளாவது இப்படி முழங்கால் போட்டிருக்கிறீர்களா என்று.

ஒருநாள் ஒரு பெரிய கெலா ஒரு பாறை நிழலில் நின்றது. என் கை நீளம் இருக்கும். இவர் தூண்டிலை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேண்டுமென்றே தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மீன் இருந்த இடத்தில் கலங்கல்தான் இருந்தது.

"பாத்தியா, என்ன பயம் பாரு," என்றார். "இவன் பொழச்சுக்குவான்."

ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். கடவுள் மீனுக்கு மூளையைக் கொஞ்சமாக வைத்துவிட்டு மிச்ச இடத்தில் பயத்தை வைத்து அடைத்திருக்கிறார், அந்தப் பயம் இருக்கிறவரைக்கும்தான் அது மீன் என்றார். இவரைச் சாதுவென்று நினைக்க வேண்டாம். சின்னதாகக் கிடைத்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சளும் மிளகாயும் போட்டுப் பொரிக்கச் சொல்லி ஒரு முள் விடாமல் தின்கிற மனுஷன்தான்.

ஸ்ட்ரோக் வந்தது வேலையிடத்தில். கண்டெய்னர் இறக்க வரிசையில் காத்திருந்தபோது, வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வரவில்லை, கடவுள் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோது கடவுள் இன்னும் கொஞ்சம் கஷ்டப்பட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் எல்லாம் போயிற்று. பேச்சும் போயிற்று. நாம் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும், திரும்பச் சொல்லத்தான் வார்த்தை வராது. மிஞ்சியது "போ", "இல்ல", அப்புறம் லோரிக்காரர்கள் ரோட்டில் சொல்லும் ஒரு கெட்ட வார்த்தை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், இப்படி நடப்பது சகஜம் ஆன்டி, வசவு மட்டும் தப்பித்துக்கொள்ளும் என்றாள். அந்தப் பெண் முன்னால் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் வேலையை விட்டேன். குளிக்க வைப்பது, துடைப்பது, ஊட்டுவது என்று நாள் போனது. கூட்டாளிகள் கொஞ்ச நாள் ஆரஞ்சும் பிஸ்கட்டும் வாங்கி வந்தார்கள், பிறகு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பதில் வராத ஆளிடம் எவ்வளவு நேரம்தான் பேசிக்கொண்டிருப்பது? எனக்கே சலித்துப்போன நாட்கள் உண்டு. நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார், அவ்வளவுதான் முன்னேற்றம். மிச்ச நேரம் ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் என் நாத்தனார், மலையடிவாரத்தில் ஆற்றோரமாக ஓர் அம்மன் கோயில் இருக்கிறது, வேண்டிக்கொண்டால் கைகால் வரும் என்றாள். எனக்கு அம்மன்மேல் இருந்த நம்பிக்கையைவிட ஆற்றின்மேல் இருந்த நம்பிக்கை அதிகம். அந்த ஆறு எங்களுக்குத் தெரிந்ததுதான். கோயிலுக்கு வெகுதூரம் மேலே, கார் போகாத இடத்தில் பல ஞாயிற்றுக்கிழமைகள் படுத்துக் கிடந்திருக்கிறோம். ஓடும் தண்ணீரைப் பார்த்தால் மனுஷனுக்கு உயிர் வரும் என்று பழைய காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

கோயிலுக்குப் பின்புறம் ஆற்றில் இறங்க சிமெண்டுப் படி கட்டியிருந்தார்கள். கவுண்டரில் அர்ச்சனைச் சீட்டோடு பொரிப் பாக்கெட்டும் கிடைத்தது. மீனுக்குப் பொரி போட்டால் தோஷம் கழியும் என்று யாரோ சொல்லி, கிள்ளானிலிருந்தும் சுங்கை வேயிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்குக் கீழே தண்ணீர் கறுத்துப்போயிருந்தது. எல்லாம் மீன். தெங்காஸ், நடுவில் கெலா, அதுவும் நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற அளவுக் கெலா. கோழிக்குஞ்சு போல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிப் பிளந்துகொண்டு நின்றன. குழந்தைகள் அவற்றின் தலையைத் தடவினார்கள்.

எனக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாருங்கள், ஊர்ந்து ஊர்ந்து தேடினீர்களே, எல்லாம் இங்கே இருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் இவர் முகம் அப்படியே தொங்கிப்போயிருந்தது. என்ன என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கும் உறைத்தது. அந்த மீன்களில் ஒன்றுகூடத் தண்ணீர் வரும் பக்கம் பார்த்து நிற்கவில்லை. எல்லாம் படியைப் பார்த்து, எங்களைப் பார்த்து நின்றன.

அடுத்த முறை போனபோது இவர் இடது கையால் ஒரு கூழாங்கல்லை எடுத்து மீன் கூட்டத்தில் எறிந்தார். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அலறி எழுந்தாள். நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உடம்பு சரியில்லாதவர், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவளிடம் கெஞ்சினேன். காரில் ஏறியதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊர் முன்னால் மானத்தை வாங்குகிறீர்களே, அம்மன் கோயிலில் உயிர்மேல் கல் எறிகிறீர்களே, இருக்கிற பாவம் போதாதா என்று கத்தினேன். அவர் வாயைத் திறந்து திறந்து பார்த்தார். அந்தக் கெட்ட வார்த்தைதான் வந்தது. பிறகு இடது கையால் தன் தொடையிலேயே குத்திக்கொண்டு அழுதார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கூட்டிப் போகாமலும் இருக்க முடியவில்லை. ஞாயிறு காலை ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கார் பக்கத்தில் போய் நின்றுவிடுவார். வாரம் முழுக்கச் சுவரைப் பார்க்கிறவர் ஒரு இடத்துக்குப் போக ஆசைப்படுகிறாரே என்று கூட்டிக்கொண்டு போவேன். ஆட்கள் வருவதற்கு முன்னால், சீக்கிரமாகவே போய், படியின் ஓரத்தில் உட்கார வைப்பேன். நான் அம்மனைக் கும்பிட்டு வருவதற்குள் இரண்டு மூன்று கல் விழுந்திருக்கும். ஒன்றும் மீன்மேல் படுவதில்லை. பக்கத்தில் விழும். ஒவ்வொரு கல்லுக்கும் "போ" என்பார்.

ஒரு ஞாயிறு, அபிஷேகத்துக்கு இன்னும் நேரமிருந்ததால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். படியின் நடுவில் வழக்கம்போல் கும்பல். இவர் உட்கார்ந்திருந்த ஓரத்தில் மட்டும் ஒன்றுமில்லை. இன்னும் உற்றுப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி, பாறைக்குப் பின்னால், வேகத் தண்ணீரும் மெதுத் தண்ணீரும் சேரும் கோட்டில், ஏழெட்டு மீன் வரிசையாக நின்றன. எல்லாம் தண்ணீர் வரும் பக்கம் பார்த்து. இவர் கையைத் தூக்கினார், கல் எறியக்கூட இல்லை. ஒரு மீனும் இல்லாமல் போயிற்று. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்தது.

தொப்பியைக் கழற்றி ஆட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை வராத மனுஷன், ஒரு கையை வைத்துக்கொண்டு, அந்த மீன்களுக்குப் பயத்தைத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருந்தார். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

அதற்குப்பின் கல் பொறுக்கிக் கொடுத்தது நான்தான். கோயிலுக்குக் கீழே பாலத்தடியில் இறங்கி, சின்னச் சின்னக் கூழாங்கல்லாகப் பார்த்து ஹேண்ட்பேக்கில் நிரப்பிக்கொண்டு வருவேன். பையில் தேங்காய், பழம், கற்பூரம், அதற்கடியில் கல். பக்தி முற்றிப்போன பெண் என்று பூசாரி நினைத்திருப்பார்.

எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? புகார் போயிற்று. கோயில் தலைவர் எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. இவரை நாற்காலியில் உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுக்கச் சொன்னார். பிறகு, பக்தர்கள் மனசு புண்படுகிறது, மீனை அடித்தால் பெரிய தோஷம், ஏற்கனவே உடம்பு இப்படி இருக்கும்போது எதற்கு என்று மெதுவாகச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். காட்டு மீன் மனுஷ நிழலைக் கண்டால் ஓட வேண்டும், இவை ஓடமாட்டேன் என்கின்றன, கெலாவுக்குக் கடைகளில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா, ஒருநாள் எவனாவது வலையோடு வந்தால் பொரியைப் போட்டு அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்றேன்.

தலைவர் சிரித்தார். கேலியாக இல்லை, நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

"அம்மா காலடியில இருக்கிற மீன், தங்கச்சி. அதுமேல யாரு லா கை வைப்பான்?"

"கை வைக்கிறவனுக்கு அம்மாவும் தெரியாது, ஆத்தாவும் தெரியாது, அண்ணே."

அவர் முகம் மாறிவிட்டது. அதிகம் பேசிவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் சாமி கும்பிட வரலாம், ஆனால் இவரைப் படிப்பக்கம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, மைலோவைக் குடிக்காமலே ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடந்தார். வாசலைத் தாண்டும்போது ஒருமுறை ஆற்றுப்பக்கம் பார்த்தார்.

அந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில் அது நடந்தது. மகன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன் செய்து, யாரோ அனுப்பிய வீடியோவை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன், அப்பாவிடம் காட்டாதீர்கள் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் இவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வீடியோவில் கோயில் படியெல்லாம் செதில். விடியும் நேரத்தில், பூசாரி வருவதற்கு முன்னால் யாரோ வந்திருக்கிறார்கள். பொரியை இறைத்து, கூட்டம் சேர்ந்ததும் வலையை வீசி இழுத்திருக்கிறார்கள். ஓடத் தெரிந்திருந்தால் இரண்டு அடி தள்ளிப் பாறை இருந்தது, ஆழம் இருந்தது. காலிப் பாக்கெட்டுகள் தண்ணீரோரம் மிதந்தன. கோயில் கவுண்டரில் விற்கிற அதே பாக்கெட். வீடியோ எடுத்தவர் பின்னணியில் "அம்மா தாயே, அம்மா தாயே" என்று அழுதுகொண்டிருந்தார்.

நான் போனை அணைத்துவிட்டேன். இவருக்கு அந்தக் கெட்ட வார்த்தைகூட வரவில்லை.

இரண்டொரு நாளில் தலைவர் என்னை அழைத்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார். வீட்டுக்காரர் முன்பு தூண்டில் போடுகிறவர் என்று கேள்விப்பட்டாராம், இது அவருடைய பழைய கூட்டாளிகள் யாராவது செய்த வேலையாக இருக்குமா என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறார்களாம். சிலர் கண்ணு பட்டுவிட்டது என்கிறார்களாம். அவர் கல் எறிந்த நாளிலிருந்தே மனசு சரியில்லை என்று ஒரு அம்மா சொன்னாராம். தான் அப்படி நினைக்கவில்லையாம், கேட்டு வைப்பது தன் கடமையாம்.

என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. எங்கள் வீட்டில் அப்படிப் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன், அன்றைக்கு இரண்டு பேர் ஆகிவிட்டோம். பேசி முடித்துத் திரும்பினால் இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவோரம் நிற்கிறார். ஒரு சின்னக் குழந்தையைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார். பிறகு படுக்கையில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரேயொரு தடவை போய்ப் பார்த்தோம். சாதாரண வேலை நாள், கோயிலில் கூட்டமில்லை, தடுக்க ஆளில்லை. படியின்மேல் புதிதாகக் கேமரா மாட்டியிருந்தார்கள். தண்ணீர் தெளிவாக ஓடியது, அடியில் மணல்கூடத் தெரிந்தது. இவர் தன் பழைய ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பாறைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஏழெட்டு தப்பியிருக்குமா என்றுதான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். நானும் பார்த்தேன். கண் வலிக்கும்வரை பார்த்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. நான் கொண்டுபோயிருந்த கற்களைத் திரும்ப வீட்டுக்கே எடுத்து வந்தேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கார் பக்கம் போகவில்லை. உடற்பயிற்சி செய்யச் சொன்னால் "இல்ல" என்றார். இட்லியைப் பிசைந்து ஊட்டினால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் மருந்தை மாற்றினார். மருந்தில் என்ன இருக்கிறது, மனுஷனுக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டும். அவருக்கு இருந்தது அந்த ஒரு வேலை, அதையும் கோயில் பிடுங்கிக்கொண்டது. இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். வந்து பார்த்தபோது முடிந்திருந்தது.

அஸ்தியைக் கிள்ளான் பக்கம் கடலில் கரைத்தோம், எல்லோரும் செய்வது போல. கருமாதியை மட்டும் அந்த ஆற்றங்கரையில்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மகனுக்குப் பிடிக்கவில்லை. அவமானப்படுத்தி அனுப்பிய இடத்துக்கா அம்மா என்றான். அந்த ஆறு கோயில் கமிட்டியுடையது இல்லை என்றேன். தலைவரிடம் மகன் போய்ப் பேசினான். அவர் மறுக்கவில்லை. பந்தல் போடக் கீற்றும் ஆளும் அவரே அனுப்பினார். அன்று காலை கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக வந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார்.

பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் விட்டு, ஐயர் சொன்னதை எல்லாம் மகன் செய்தான். பிறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கி, முட்டளவுத் தண்ணீரில் நின்று சோற்றை ஆற்றில் விட்டான். ஓட்டம் அதை மெதுவாகப் பாறைப் பக்கம் கொண்டுபோயிற்று. யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்த இடத்தில் மீன் செத்தொழிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

வந்தன. விரல் நீளம், கொஞ்சம் பெரிதாகச் சில, மேலேயிருந்து மழைத் தண்ணீரோடு இறங்கி வந்த புதுக் குஞ்சுகளாக இருக்க வேண்டும். சோற்றைக் கொத்தத் தொடங்கின. என் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அண்ணனே வந்து ஏத்துக்கிட்டாரு," என்றாள். ஐயர், ரொம்ப விசேஷம், ஆத்மா திருப்தி அடைந்துவிட்டது என்றார். தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகன் தண்ணீரில் நின்றபடியே கைகூப்பினான். அவன் தோள் குலுங்கியது.

எனக்கும் ஆசையாக இருந்தது. ஒரு நிமிஷம், அவர்தான் வந்திருக்கிறார், பசியாக இருந்திருக்கிறார், கடைசியில் வாயைத் திறந்து சாப்பிடுகிறார் என்று நம்பிவிடலாம் போல இருந்தது. நம்பியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குள் சோறு தீர்ந்துவிட்டது. குஞ்சுகள் கலைந்து போகவில்லை. ஒவ்வொன்றாக ஓட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, படியில் நிற்கும் எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கின. எங்களுக்குப் பின்னால் யாரோ ஒரு பொரிப் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் இரண்டு படி இறங்கினேன். அவர் உட்காரும் ஓரத்தில் கூழாங்கல் கிடந்தது. எடுத்து, குஞ்சுகளுக்கு நடுவில் எறிந்தேன்.

"அம்மா," என்றான் மகன். "என்னம்மா செய்றீங்க?"

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாலி போன துக்கத்தில் மூளை பிசகிவிட்டது என்று நாத்தனார் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. தண்ணீர் கலங்கித் தெளிந்தது. பாதிதான் ஓடியிருந்தன. மிச்சம் இன்னும் அங்கேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் குனிந்து இன்னொரு கல்லை எடுத்தேன்.

"போ," என்றேன்.